பனியன் கம்பெனிக்கு மென்பொருள் வாங்கினால் ஏற்றுமதி கூடுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். திருப்பூரில் உங்கள் தந்தையார் அறுபது தையல் இயந்திரங்களுடன் ஒரு பின்னலாடை நிறுவனம் நடத்துகிறார். பையிங் ஏஜென்ட் (வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக ஆர்டர் பிடித்துத் தரும் இடைத்தரகர்) ஒருவர் வழியாக மூன்று ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு ஆண்டுக்கு 6 கோடி ரூபாய் அளவில் நேரடி ஏற்றுமதி நடக்கிறது. ஆர்டர் இல்லாத நாட்களில் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் (கூலிக்கு வேலை) செய்து ஓட்டுகிறீர்கள். 8 லட்சம் ரூபாய்க்கு ஈ.ஆர்.பி. (நிறுவனத்தின் எல்லாப் பணிகளையும் ஒருங்கே நிர்வகிக்கும்) மென்பொருள் விற்க வந்தவர், தகவல் தொழில்நுட்பத் திறன் உள்ள சிறு நிறுவனங்களின் ஏற்றுமதி அதிகம் என்று ஆய்வுகள் நிறுவிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். எம்.பி.ஏ. வகுப்பிலும் அதையே படித்திருக்கிறீர்கள். தந்தையாருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆக, நீங்கள் கேட்பது அந்த மென்பொருள் நல்லதா என்பதை அல்ல. கணினிக்குச் செலவழிக்கும் பணம் ஏற்றுமதியாகத் திரும்பி வருமா, வரும் என்றால் எந்த வழியாக வரும் என்பதைத்தான்.

நான் மேலாண்மைத் துறையில் புள்ளியியல் சார்ந்த ஆய்வுகளைப் படித்துப் பயின்றவன். அதன் பின் பல ஆண்டுகளாகத் திருப்பூர், கரூர் வட்டாரத்து ஏற்றுமதி நிறுவனங்களில் கணினிமயமாக்கலையும் ஏற்றுமதி ஆவணப் பணிகளையும் கவனித்து வருகிறேன். மென்பொருள் விற்பவர்கள் எவருடனும் எனக்குத் தொழில் உறவு கிடையாது. உங்கள் கணக்குகளைப் பார்க்காமல் எழுதுவதால், கீழே வரும் தொகைகளை விளக்கத்துக்கான உதாரணங்களாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆய்வுகளின் சங்கதி. இத்துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது அனந்தி பரத்வாஜ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு. தகவல் தொழில்நுட்பத்தில் முன்னணியில் இருப்பதாக மதிப்பிடப்பட்ட அமெரிக்க நிறுவனங்களை, அதே தொழிலில் அதே அளவுள்ள மற்ற நிறுவனங்களோடு இணை இணையாக ஒப்பிட்டு, முன்னவற்றின் லாபம் அதிகம் என்று அவர் காட்டினார். அடுத்த பத்தாண்டுத் தரவுகளை வைத்து ஏறத்தாழ அதே முறையில் வேறொரு குழு செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இரண்டுமே பெரிய நிறுவனங்களைப் பற்றியவை. ஏற்றுமதியைப் பற்றியவை அல்ல. ஆனால் ஒரு தடயம் கிடைக்கிறது. கணினி அரிதாக இருந்தபோது அதை வைத்திருந்தவனுக்கு அனுகூலம் இருந்தது. எல்லாரிடமும் வந்த பிறகு, வைத்திருப்பதால் மட்டும் எவனும் முன்னே போய்விடவில்லை.

சிறு நிறுவனங்களின் ஏற்றுமதியைப் பற்றித் தனியாக வந்துள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவை வினாத்தாள் ஆய்வுகள். உரிமையாளரிடமோ மேலாளரிடமோ ஒரே தாளைக் கொடுத்து, உங்கள் கணினித் திறன் எப்படி, ஏற்றுமதியில் உங்களுக்குத் திருப்தி எவ்வளவு என்று ஐந்துக்கோ ஏழுக்கோ மதிப்பெண் போடச் சொல்வார்கள். சீசன் நன்றாக ஓடிய மனிதர் இரண்டுக்கும் தாராளமாகப் போடுவார். அவ்விரு விடைகளும் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் காட்டும் எண்ணை, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று வாசிப்பது அவசர முடிவு. இன்னொரு குறை, இத்தகைய ஆய்வுகள் இன்று ஏற்றுமதி செய்துகொண்டிருப்பவர்களிடம் மட்டுமே போகின்றன. மென்பொருளுக்கும் கட்டடத்துக்கும் கடன் வாங்கி, இரண்டு சீசனில் கதவைச் சாத்தியவரிடம் எவரும் வினாத்தாள் நீட்டுவதில்லை.

யாரைச் சிறு நிறுவனம் என்கிறோம் என்பதிலும் ஒற்றுமை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 50 பேருக்குக் குறைவாக வேலை செய்து, ஆண்டு விற்றுமுதல் அல்லது சொத்து மதிப்பு 1 கோடி யூரோவைத் தாண்டாமல் இருந்தால்தான் சிறு நிறுவனம். இந்தியாவில் 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு நிறுவனம். அதிலும் ஏற்றுமதி வருமானத்தை விற்றுமுதலில் சேர்ப்பதில்லை. ஆகவே 150 கோடிக்கு ஏற்றுமதி செய்பவரும் இயந்திர முதலீடு வரம்புக்குள் இருந்தால் சட்டப்படி சிறு தொழிலதிபர்தான். அவருக்கும் உங்களுக்கும் ஒரே ஆய்வு முடிவைப் பொருத்திப் பார்ப்பதில் எவ்வளவு நியாயம் இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

காரணம் எது, விளைவு எது என்ற சிக்கலில் ஓரளவு உறுதியாகப் பேச உதவுபவை, குலுக்கல் முறையில் நிறுவனங்களைப் பிரித்துச் செய்த சோதனைகள். எகிப்தில் கம்பளம் நெய்யும் சிறு பட்டறைகளுக்கு, வளமான நாடுகளிலிருந்து வந்த ஆர்டர்களைக் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, ஆர்டர் கிடைத்த பட்டறைகளின் லாபம் 16 முதல் 26 சதவீதம் வரை கூடியது. நெசவின் தரமும் உயர்ந்தது. அதாவது ஏற்றுமதியே ஒருவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறது. இதை நம் ஊருக்குப் பொருத்தினால், வாடிக்கையாளர் வாரம் தவறாமல் உற்பத்தி நிலவரம் கேட்பதால்தான் பலர் கணினிக்கு வருகிறார்கள். ஏற்றுமதி முதலில், கணினி பிறகு. வினாத்தாள் ஆய்வில் இது தலைகீழாகப் பதிவாகிவிட வாய்ப்பு அதிகம்.

இன்னொரு சோதனை மும்பைக்கு அருகில் உள்ள நெசவு ஆலைகளில் நடந்தது, 2013இல் வெளியானது. சில ஆலைகளுக்கு இலவசமாக மேலாண்மை ஆலோசனை தந்து, துணிக் குறைகளைத் தினமும் பதிவது, இயந்திரம் நின்ற நேரத்தைக் குறிப்பது, நூல் இருப்பை ஒழுங்காக வைப்பது போன்ற எளிய பழக்கங்களை ஏற்படுத்தினார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது. தரவு சேரச் சேர, அந்த ஆலைகளில் கணினிப் பயன்பாடும் கூடியது. என் அனுபவமும் இதற்கு ஒத்தே போகிறது. பதிவுப் பழக்கம் உள்ள இடத்தில் எளிய மென்பொருளும் பலன் தருகிறது. அது இல்லாத இடத்தில் 8 லட்சம் ரூபாய் மென்பொருளும் பில் போடும் இயந்திரமாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உங்கள் அளவிலான பின்னலாடை நிறுவனத்துக்குத் தகவல் தொழில்நுட்பம் ஆர்டர் கொண்டுவந்து தருவதில்லை, கிடைத்த ஆர்டரை நஷ்டமில்லாமல், சொன்ன தேதியில் அனுப்ப உதவுகிறது. அப்படி அனுப்புகிறவனிடம் வாடிக்கையாளர் திரும்ப வருவார் என்பதால், இரண்டு மூன்று சீசன் கழித்து அது ஏற்றுமதி எண்ணிக்கையிலும் தெரியலாம். முதல் பகுதியில் எனக்கு ஐயமில்லை. இரண்டாம் பகுதி நடப்பதைப் பார்த்திருக்கிறேன், நடக்காமல் போனதையும் பார்த்திருக்கிறேன்.

உதவும் இடங்களில் மிக முக்கியமானது ஆர்டர் வாரியான அடக்கக் கணக்கு. 10,000 பீஸ் டி-சர்ட் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பீஸுக்குக் கட்டிங் வேஸ்ட் உட்பட 180 கிராம் துணி என்றால் 1,800 கிலோ முடித்த துணி தேவை. விலை பேசும்போது நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயமேற்றல்) இழப்பு 6 சதவீதம் என்று போட்டால், வாங்க வேண்டிய நூல் ஏறத்தாழ 1,915 கிலோ. உண்மையான இழப்பு 9 சதவீதமாக இருந்தால் 1,978 கிலோ. வித்தியாசம் 63 கிலோ. நூல் கிலோ 300 ரூபாய், நிட்டிங்கும் டையிங்கும் சேர்ந்து 110 ரூபாய் என்று வைத்தால், ஏறத்தாழ 26,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது. பீஸ் 200 ரூபாய், லாபம் 5 சதவீதம் என்றால் அந்த ஆர்டரின் மொத்த லாபமே 1 லட்சம் ரூபாய்தான். அதில் கால் பங்கு எங்கே போனது என்பதே தெரியாது. குறையும் 63 கிலோவை அவசரமாக வேறு லாட்டில் (தொகுப்பில்) வாங்கிச் சாயம் போட்டால், ஷேடு (நிறச் சாயல்) மாறி செக்கிங்கில் பீஸ் கழிவது தனி. ஒவ்வொரு டையிங் யூனிட்டிலும் எந்த நிறத்துக்கு எவ்வளவு இழப்பு என்ற பழைய பதிவு கையில் இருந்தால், அடுத்த ஆர்டருக்குச் சரியான விலை சொல்ல முடியும். இதற்குச் சாதாரண எக்செல் போதும். ஆனால் எடைச் சீட்டை அன்றன்றே பதிய ஆள் வேண்டும்.

அடுத்தது தேதி. லேப் டிப் (நிற மாதிரி) ஒப்புதல், நூல் வரவு, நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இறுக்குவது), பிரிண்ட் ஒப்புதல், சைஸ் செட் (அளவு வாரியான மாதிரிகள்), கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்ற சங்கிலியில், கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வேலைக்கும் நாள் குறிப்பதைத்தான் டைம் அண்ட் ஆக்‌ஷன் காலண்டர் என்கிறோம். பெரும்பாலான சிறு கம்பெனிகளில் இது மெர்ச்சண்டைசரின் (ஆர்டரைக் கவனிக்கும் ஊழியரின்) தலைக்குள்ளும் அவருடைய மின்னஞ்சலிலும் இருக்கிறது. அவர் பக்கத்துக் கம்பெனிக்குச் சம்பளம் கூடிப் போனால், ஆர்டரின் வரலாறே அவரோடு போய்விடுகிறது. தேதி தவறினால் விளைவு என்ன என்பதை உங்கள் தந்தையாரே சொல்லுவார். மேலே சொன்ன 10,000 பீஸ், அட்டைப் பெட்டியோடு 2 டன் என்று கொள்ளுங்கள். விமானத்தில் அனுப்பக் கிலோவுக்கு 200 ரூபாய் என்றாலும் 4 லட்சம் ரூபாய். அதே போன்ற நான்கு ஆர்டர்களின் லாபம் ஒரே ஏர் ஷிப்மெண்டில் தீர்ந்துவிடும். தாமதத்தைப் பத்து நாள் முன்பே காட்டும் ஓர் அட்டவணைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய மதிப்பு இதுதான்.

ஆனால் உங்கள் சரக்கு பாதி நாள் உங்கள் கூரைக்குக் கீழே இருப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், பிரிண்டிங் வேறிடம். உங்கள் கம்பெனிக்குள் எவ்வளவு நல்ல மென்பொருள் இருந்தாலும், டையிங் யூனிட்டில் துணி இன்னும் மிஷினில் ஏறவில்லை என்ற செய்தி அதற்குத் தெரியாது. சின்னக் கம்பெனிகளில் பலன் தந்த ஏற்பாடு மிக எளியது: ஒவ்வொரு டெலிவரி சலானையும் (சரக்கு அனுப்பும் சீட்டையும்) ஜாப் ஒர்க் செய்பவர் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்ப வேண்டும், மாலைக்குள் அலுவலகத்தில் ஒருவர் அதை அட்டவணையில் ஏற்ற வேண்டும், பில் பணம் அந்தப் பதிவை வைத்தே கொடுக்கப்படும். கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் படம் வருவது ஒரே மாதத்தில் நின்றுவிடும்.

மூன்றாவது, ஆவணம். இதில் தேர்வுக்கே இடமில்லை. அரசின் எல்லா வாயில்களும் கணினி வழியாகத்தான் திறக்கின்றன. ஏற்றுமதிக்குக் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) திரும்ப வர, சுங்கத் துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லே விண்ணப்பமாகக் கொள்ளப்படுகிறது. அதில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனை விவர ரிட்டர்னில் நீங்கள் ஏற்றிய எண்ணும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஓரிடத்தில் 017/2024-25 என்றும் மற்றோரிடத்தில் 17/24-25 என்றும் இருந்தால், கணினிக்கு அவை வேறு வேறு பில்கள். எஸ்.பி.005 என்ற பிழைக் குறியீட்டோடு ரீஃபண்ட் நின்றுவிடும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த புதிதில் பலருடைய நடைமுறை மூலதனம் மாதக்கணக்கில் முடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயத்த ஆடைகளுக்கான ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். (மத்திய, மாநில வரிகளைத் திருப்பித் தரும்) சலுகையையும் ஷிப்பிங் பில்லிலேயே கோர வேண்டும்; விட்டுவிட்டால் பிறகு அதைத் திருத்தி வாங்குவது பெரும்பாடு. வங்கிப் பக்கம், ஒவ்வொரு ஷிப்பிங் பில்லுக்கும் பணம் வந்ததா என்பதை ரிசர்வ் வங்கியின் இ.டி.பி.எம்.எஸ். அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. இன்வாய்ஸை ஒரே இடத்தில் ஒரு முறை தட்டச்சு செய்து, பேக்கிங் லிஸ்டும் ரிட்டர்னும் அதிலிருந்தே வருமாறு செய்வதால் கிடைக்கும் மிச்சம் உடனே கண்ணுக்குத் தெரியும். ஏற்றுமதி கூடாவிட்டாலும் பணம் சீக்கிரம் கைக்கு வரும். வட்டி கட்டித் தொழில் செய்பவருக்கு அதுவே பெரிய விஷயம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது மின்னஞ்சல் மோசடி. உங்கள் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாற்றி, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் போடுங்கள்' என்று உங்கள் வாடிக்கையாளருக்குக் கடிதம் போகும்; அதற்குமுன் மோசடிக்காரர்கள் உங்கள் மின்னஞ்சலுக்குள் புகுந்து இன்வாய்ஸையும் தேதியையும் படித்திருப்பார்கள். ஓர் ஆண்டின் லாபம் ஒரே பரிமாற்றத்தில் போய்விடும். வங்கிக் கணக்கு மாற்றம் எதுவானாலும் தொலைபேசியில் பேசி உறுதி செய்யாமல் ஏற்க வேண்டாம் என்று மூன்று வாடிக்கையாளர்களுக்கும் இப்போதே எழுதிவிடுங்கள். மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. அப்படி ஏதாவது நடந்துவிட்டால் தாமதிக்காமல் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

இனி ஐயத்துக்குரிய பகுதி. இணையதளமும் பி2பி தளங்களும் (நிறுவனங்கள் தமக்குள் வாங்கி விற்கும் இணையச் சந்தைகளும்) புது வாடிக்கையாளரைக் கொண்டுவருமா? பின்னலாடையைப் பொறுத்தவரை எனக்கு நம்பிக்கை குறைவு. புது வாடிக்கையாளர் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாகவோ கண்காட்சி வழியாகவோதான் வருகிறார். இணையதளத்தை அவர் பார்ப்பது நீங்கள் இருப்பது உண்மையா, கோட்ஸ் (இயற்கைப் பஞ்சு), ஒக்கோ-டெக்ஸ் (தீங்கான ரசாயனம் இல்லாமை) போன்ற சான்றுகளும் செடெக்ஸ் (தொழிலாளர் நலத் தணிக்கை) பதிவும் இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ள. அந்த அளவுக்கு ஒரு சுத்தமான பக்கம் போதும். நான் பார்த்தவை அனைத்தும் ஆடை, வீட்டுத் துணி நிறுவனங்கள் என்பதால், கைவினைப் பொருளுக்கோ மசாலாவுக்கோ இதை நீட்டிச் சொல்ல மாட்டேன்.

பஞ்சு முதல் பீஸ் வரை மூலத்தைக் காட்டும் பதிவுகளின் தேவை கூடும் என்பது என் கணிப்பு. 2021 ஜனவரி முதல் அமெரிக்கா, சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பஞ்சு கலந்த ஆடைகளை உள்ளே விடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலைத்த பொருள் வடிவமைப்புச் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருள்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் (பொருளின் விவரங்களைக் கொண்ட மின்பதிவு) கேட்கும் அந்தச் சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் ஆடைகள் இருக்கின்றன. உங்கள் வாடிக்கையாளர்கள் மூவரும் ஐரோப்பியர்கள். எந்த நூல் லாட் எந்த ஆர்டருக்குப் போனது என்ற பதிவை இப்போதே வைக்கத் தொடங்குவதில் நஷ்டமில்லை. அதற்கென்று தனி மென்பொருளை இன்றைக்கே வாங்குவது, என் பார்வையில், அவசரப்படுவதாகும்.

ஏற்றுமதியை ஏற்றி இறக்கும் பெரிய காரணங்கள் எதுவும் கணினிக்குள் இல்லை என்பதையும் மறக்கலாகாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, மென்பொருள் வைத்திருந்தவரும் வெள்ளைத் தாளில் கணக்கு எழுதியவரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். 2023 இறுதியில் செங்கடல் வழி ஆபத்தானதும் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா பெரும்பாலான இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரி விதித்தது. இத்தகைய ஆண்டுகளில் உங்கள் ஏற்றுமதி இறங்கினால் மென்பொருள் தோற்றது என்றும், ஏறினால் மென்பொருள் வென்றது என்றும் கணக்குப் போட முடியாது.

வாங்குவதா என்ற கேள்விக்கு என் யோசனை, இப்போது வேண்டாம் என்பதே. முதலில் முடிந்துபோன கடைசிப் பத்து ஆர்டர்களின் கோப்புகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரங்களை எழுதுங்கள்: பேசிய அடக்கத்துக்கும் உண்மை அடக்கத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒப்புக்கொண்ட தேதிக்கும் அனுப்பிய தேதிக்கும் உள்ள இடைவெளி, விமானக் கட்டணம் அல்லது தள்ளுபடியாகக் கொடுத்த தொகை, ரீஃபண்ட் வர ஆன நாட்கள். இவற்றைத் தேடி எடுக்கவே முடியவில்லை என்றால், தேவைப்படுவது மென்பொருள் அல்ல. பதிவுக்கென்று பொறுப்பான ஓர் ஆள். அடுத்த ஒரு சீசன் எக்செல்லிலும் இப்போதுள்ள டேலி கணக்கு மென்பொருளிலும் அந்தப் பதிவை ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் கை போதவில்லை என்ற நிலை வந்தால் வாங்கலாம். அப்போதும் அடக்கக் கணக்கு, காலண்டர், சலான் ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் முதலில் வாங்குங்கள். உங்கள் தரவு முழுவதையும் எப்போது கேட்டாலும் எக்செல் கோப்பாகத் தர வேண்டும் என்பதையும், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். விற்பவரிடம் உங்கள் அளவிலான இரண்டு கம்பெனிகளின் பெயர் கேட்டு, அங்கே முதலாளியிடம் பேசாமல், சலான் பதியும் ஊழியரிடம் பேசிப் பாருங்கள்.

பத்து ஆர்டர்களின் கணக்கில் கசிவு மிகக் குறைவு என்று தெரியவந்தால், உங்கள் தந்தையார் கணினி இல்லாமலேயே தொழிலைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார் என்று பொருள். அப்போது உங்கள் குறை வாடிக்கையாளர் எண்ணிக்கை. அந்த 8 லட்சத்தை ஒரு வெளிநாட்டுக் கண்காட்சிக்கும் நல்ல சாம்பிள்களுக்கும் செலவழிப்பதே முறை. கசிவு அதிகம் என்று தெரிந்தால் எண்களோடு திரும்ப எழுதுங்கள். எந்தப் பகுதியில் தொடங்குவது என்று அப்போது இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.